உதடு மரத்தது போதாது

“ஊசி போட்டாச்சு. இனிமே வலிக்காது. இவன் சும்மா பயத்துல அழுறான்.”

நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் மாலை நேரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நாற்காலியில் ஏழோ எட்டோ வயதுப் பிள்ளை. டிரில் பல்லைத் தொட்டதும் துள்ளி எழுகிறது. மருத்துவர் முகம் சுளிக்கிறார். உதவியாளர் தலையை அழுத்திப் பிடிக்கிறார். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தாயிடம் சொல்கிறார்கள். அவரும் பிடிக்கிறார், “பேசாம இரு, டாக்டர் திட்டுவார்” என்று அதட்டிக்கொண்டே. அன்புக்குக் குறைவில்லாத மூன்று பெரியவர்கள் ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில் தனியாக ஒரு பிள்ளை.

அந்த அறையில் உண்மை பேசுவது அந்தப் பிள்ளை மட்டும்தான். அதற்கு வலிக்கிறது. ஊசி போட்ட பின்னும் வலிக்கிறது. அந்தப் பல்லுக்கு அப்படி வலிக்கும் என்பது பல் மருத்துவம் படித்த எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. தெரிந்தும் பிள்ளையைப் பொய்யாக்கி வேலையை முடிப்பது அநியாயம். அதை இன்றே நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். முதலில் என் சக பல் மருத்துவர்களிடம். அடுத்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெற்றோரிடம்.

எந்தப் பல் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில், பால்பல் எதுவும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒன்று முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. அதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். பல வீடுகளில் அது வந்ததே தெரியாது. பால்பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். அதன் எனாமல் உருவாகத் தொடங்குவது பிள்ளை பிறக்கும் சமயத்தில். மூன்று வயது வாக்கில் உருவாகி முடிகிறது. அந்தக் காலத்தில் ஏதோ ஓர் இடையூறு நேர்ந்தால் எனாமலில் தாது குறைந்துபோகிறது, புரதம் மிஞ்சி நிற்கிறது. உடம்பிலேயே மிகக் கடினமானதாக இருக்க வேண்டிய பொருள் சுண்ணாம்புக்கட்டி போல ஆகிவிடுகிறது. பல் வெளியே வரும்போதே வெள்ளை, மஞ்சள், பழுப்பு என்று திட்டுத் திட்டாக, எல்லை பிரித்துக் காட்டுகிற மாதிரி வருகிறது. மெல்லத் தொடங்கியதும் அந்த இடம் உதிர்கிறது. முன் வெட்டுப்பற்களிலும் இதே திட்டு பலருக்கு இருக்கும். 2001-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதைத் தனி நோயாக வரையறுத்தார்கள். பல் மருத்துவர்கள் இன்று எம்.ஐ.எச். என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். உலக அளவில் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் நூறு பிள்ளைகளில் 13, 14 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகின்றன. வகுப்புக்கு நாற்பது பேர் என்றால் அதில் ஐந்து பேர். அபூர்வ நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த அந்த மாவட்டங்களில் கறை படிந்த பல்லைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடும். எல்லாவற்றையும் ஃபுளோரோசிஸ் கணக்கில் எழுதிவிடுவோம். ஃபுளோரோசிஸ் வாய் முழுக்க, இரு பக்கமும் ஒத்தாற்போல, எல்லை தெரியாமல் கலங்கிப் பரவியிருக்கும். எம்.ஐ.எச். அப்படி இல்லை. ஒரு கடைவாய்ப்பல் சிதைந்துபோய் இருக்கும், அதன் எதிர்ப்பக்கத்துப் பல் முழுசாக இருக்கும். நின்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வீட்டில் இது எப்படித் தெரியும்? பிள்ளை ஒரு பக்கமாகவே மெல்லும். குளிர்ந்த தண்ணீர் குடிக்கும்போது தலையைச் சாய்த்துக்கொள்ளும். பிரஷ் பின்பக்கம் போனால் கையைத் தட்டிவிடும். “சோம்பேறி, பல்லே தேய்க்க மாட்டேங்குறா” என்று திட்டு விழும். தேய்த்தால் வலிக்கிறது, அதனால் தேய்க்கவில்லை. தேய்க்காததால் அந்தப் பலவீனமான எனாமலில் சொத்தையும் சேர்ந்துகொள்கிறது. பிறகு எல்லாப் பழியும் சாக்லேட் மேல். இந்தக் குறைக்கு சாக்லேட் காரணமில்லை. தாயின் கவனக்குறைவும் இல்லை. கைக்குழந்தைப் பருவத்துக் கடும் நோய்கள், பிரசவ நேரச் சிக்கல்கள், மரபணு என்று பலவற்றை ஆராய்ந்து வருகிறார்கள். இதுதான் என்று ஒன்றைச் சுட்டிச் சொல்ல இதுவரை முடியவில்லை. ஆகவே மருத்துவர்களே, அம்மாவைக் குற்றவாளியாக்கும் அந்த முதல் வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லித்தான் பல பேர் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள்.

இனி ஊசிக்கு வருவோம். ஏன் மரக்க மறுக்கிறது?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஹெலன் ராட் குழுவினர் இத்தகைய பற்களைப் பிடுங்கிய பின் உள்ளே இருக்கும் பற்கூழை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். நல்ல கடைவாய்ப்பல்லோடு ஒப்பிட்டால் இவற்றின் பற்கூழில், அதிலும் விளிம்பை ஒட்டிய பகுதியில், நரம்பு இழைகள் அதிகம். எனாமல் உதிர்ந்த பற்களில் அழற்சியின்போது திரண்டு வரும் வெள்ளணுக்களும் கூடியிருந்தன. எனாமல் முழுதாகத் தெரிகிற இடத்துக்குக் கீழேகூட, டென்டைன் குழாய்களுக்குள் கிருமிகள் இறங்கியிருப்பதை வேறு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெளியே உதிர்ந்த மூலை ஒன்றுதான் நமக்குத் தெரிகிறது. உள்ளே மாதக்கணக்கில் எரிச்சல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அழற்சி கண்ட திசுவில் அமிலத்தன்மை கூடும். மரக்க வைக்க நாம் ஊசியில் போடும் லிக்னோகெயின் நரம்புச் சவ்வைக் கடந்து உள்ளே போக அதன் மின்னூட்டமில்லாத வடிவம் வேண்டும். அமிலம் கூடினால் அந்த வடிவம் குறைந்துபோகும். நரம்பும் மாறியிருக்கும். சாதாரணமாகப் பொருட்படுத்தாத சிறு தூண்டலுக்கே அது துடிக்கும்; லிக்னோகெயினுக்கு எளிதில் அடங்காத வகைச் சோடியம் வாய்க்கால்கள் அதில் பெருகும். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கிய இந்த மருந்து உலகத்துப் பல் மருத்துவத்தையே மாற்றிப்போட்டது, அதில் மறுப்பில்லை. ஆனால் ஒழுங்கான பல்லுக்குக் கொடுக்கும் அளவையும் முறையையும் கொடுத்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும் பல் அடங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அடங்காமல் போனால் தவறு பிள்ளையின் குணத்தில் இல்லை. நம் கையில் இருக்கிறது.

இதன் விலையைக் கணக்கிட்டவர்களும் உண்டு. ஸ்வீடனில் யேலெவிக், கிளிங்பெரி இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான எம்.ஐ.எச். உள்ள பிள்ளைகள் ஒன்பது வயதுக்குள் அந்தக் கடைவாய்ப்பற்களுக்காக, மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாகச் சிகிச்சை பெற்றிருந்தார்கள். பல் மருத்துவரைக் கண்டாலே பயம், ஒத்துழையாமை, இரண்டும் அவர்களிடம் அதிகம் இருந்தன. ஒன்பது வயது! இன்னும் அறுபது எழுபது ஆண்டு பல்லோடு வாழ வேண்டிய உயிர். இன்று நாம் அழுத்திப் பிடித்து அடைக்கும் பல் ஒன்று. அதன் பயத்தால் அந்தப் பிள்ளை பெரியவனாகி, வீங்கிய முகத்தோடு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போகும் வரை எட்டிக்கூடப் பார்க்காமல் விடும் பற்கள் எத்தனை?

ஆகவே வேலையை வேறு விதமாகத் தொடங்குங்கள். பிள்ளை நாற்காலியில் ஏறியதும் காற்றுக் குழாயை எடுத்து அந்தப் பல்லின் மேல் ஊதாதீர்கள். பல்லைக் காய வைத்துப் பார்ப்பது நம் பழக்கம், கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பல்லில் ஒரு நொடிக் காற்று போதும், அன்றைய நம்பிக்கை முழுதும் போய்விடும். பஞ்சால் ஒற்றி எடுங்கள். கொப்பளிக்க வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். கூர்முனைக் கருவியால் குத்திப் பார்க்கவும் வேண்டாம். கண்ணால் பார்த்தே தெரியும்.

ஊசியைப் பற்றிப் பொய் சொல்லாதீர்கள். “ஊசியெல்லாம் இல்ல கண்ணு, தண்ணி மட்டும்தான் அடிப்பேன்” என்று சொல்லிவிட்டு முதுகுக்குப் பின்னால் சிரிஞ்சை மறைத்துக் கொண்டுவருவது ஒரு பெரிய கலை மாதிரி நம்மிடையே நிலவுகிறது. பிள்ளைக்கு ஒருமுறைதான் அது செல்லுபடியாகும். பயமுறுத்தும் சொற்களைத் தவிருங்கள், சரி. ஆனால் “முதல்ல ஈறுல ஜெல் தடவுவேன், அப்புறம் பல்லைத் தூங்க வைக்கிற மருந்து போடுவேன், கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும், சுருக்குன்னுகூட இருக்கலாம், இடது கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்” என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். கையைத் தூக்கினால் நிறுத்தவும் வேண்டும். ஒருமுறை தூக்கி நீங்கள் நிறுத்தவில்லை என்றால் அந்த ஒப்பந்தம் முடிந்தது; அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் ஒத்துழைப்பு கேட்க நமக்கு உரிமை கிடையாது.

எடை பாருங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நம்மில் எத்தனை பேருடைய மருத்துவமனையில் எடை பார்க்கும் கருவி இருக்கிறது? பல லட்சம் ரூபாய்க்கு நாற்காலி வாங்கியவர்கள், ஆயிரம் ரூபாய்க் கருவி வாங்காமல் வயதைக் கேட்டு மருந்தை ஏற்றுகிறோம். ஏழு வயதில் 16 கிலோ உள்ள பிள்ளையும் உண்டு, 30 கிலோ உள்ள பிள்ளையும் உண்டு. அட்ரீனலின் கலந்த 2% லிக்னோகெயினுக்குப் பிள்ளைகளில் உச்ச அளவு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். 2% என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். 20 கிலோப் பிள்ளைக்கு 88 மில்லிகிராம், அதாவது 4.4 மில்லி. அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. நம்மில் பலர் பயன்படுத்துவது 30 மில்லிக் குப்பி. இரண்டு மில்லி சிரிஞ்சில் உறிஞ்சி உறிஞ்சி, மரக்கவில்லை, இன்னொன்று, மரக்கவில்லை, இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனால் மூன்றாவது சிரிஞ்சு முடிவதற்குள் அந்த எல்லையைத் தாண்டிவிடுவோம். எத்தனை மில்லி போனது என்று உதவியாளரைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். திடீரென்று நா குழறுவது, உதட்டைச் சுற்றிக் கூச்சம், தசை துடிப்பது, வலிப்பு, தூக்கக் கலக்கம் ஆகியவை மருந்து மிஞ்சியதன் அறிகுறிகள். ஆக்சிஜன் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

ஜெல் தடவும் சடங்கைச் சடங்காகச் செய்யாதீர்கள். எச்சில் நனைந்த ஈறில் தடவிவிட்டு அடுத்த நொடியே குத்தினால் ஜெல்லுக்கும் பலன் இல்லை, பிள்ளைக்கும் பலன் இல்லை. ஈறைத் துடைத்து உலர்த்தி, கொஞ்சமாகத் தடவி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் காத்திருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மருந்தை ஏற்ற வேண்டாம், அறை வெப்பத்துக்கு வரட்டும். மெல்லிய ஊசி வாங்குங்கள். 2 மில்லி சிரிஞ்சோடு வரும் 24 கேஜ் ஊசி பிள்ளைகள் வாய்க்கு வேண்டாம், 27 அல்லது 30 கேஜ் போதும். பின்னுக்கு இழுத்துப் பார்த்து, இரத்தம் வரவில்லை என்று உறுதி செய்து, ஒரு மில்லியை ஒரு நிமிடம் எடுத்து மெல்ல ஏற்றுங்கள். வலி பெரும்பாலும் ஊசி முனையால் வருவதில்லை. அவசரமாகத் தள்ளும் திரவம் திசுவைப் பிய்ப்பதால் வருவது. வேகத்தைக் கணினியே கட்டுப்படுத்தும் கருவிகள் 1990-களின் பிற்பகுதியிலிருந்து விற்பனையில் இருக்கின்றன. வாங்க வசதி இருந்தால் நல்லது. இல்லையென்றால் பொறுமையான கட்டைவிரல் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும்.

கீழ்த்தாடைதான் சிக்கலான இடம். பெரியவர்களுக்கு பிளாக், அதாவது தாடை நரம்பையே மரக்க வைக்கும் ஊசி, போட்டுப் பழகிய கை, அதே உயரத்தில் பிள்ளைக்கும் போகும். பிள்ளைகளுக்கு நரம்பு எலும்புக்குள் நுழையும் துளை பெரியவர்களைவிடத் தாழ்வாக, பல் கடிக்கும் மட்டத்தை ஒட்டி இருக்கும். மேலே போட்டால் மருந்து வேறெங்கோ தேங்கும். சரியான இடத்தில் போட்டாலும் முதலில் மரப்பது உதடு. பிள்ளை உதட்டைத் தொட்டு “தடிச்சுப் போச்சு” என்றதும் நாம் டிரில்லை எடுத்துவிடுகிறோம். இந்தப் பல்லில் செய்யும் தவறுகளிலேயே பெரியது இதுதான். உதட்டுக்குப் போகும் இழைகள் அடங்கிவிட்டன என்பதைத்தான் மரத்த உதடு சொல்கிறது. பற்கூழ் அடங்கியதா என்று அதற்குத் தெரியாது. குறைந்தது ஐந்து நிமிடம், பல நேரம் பத்து நிமிடமும் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருந்த பிறகு பல்லையே கேளுங்கள். ஈரப் பஞ்சைக் குளிர்வித்து ஒரு நொடி வைத்துப் பாருங்கள். பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். இமை சுருங்கினால் இன்னும் மரக்கவில்லை.

மரக்கவில்லை என்றால் அதே பிளாக்கையே திரும்பத் திரும்பப் போடுவதில் பெரிய பயன் இல்லை. கன்னப் பக்கமாக, பல்லின் வேரை ஒட்டி, 4% ஆர்ட்டிகெயினை இன்ஃபில்ட்ரேஷனாகக் கொடுக்கலாம். ஜெர்மனியில் 1970-களில் புழக்கத்துக்கு வந்த மருந்து. எலும்பை ஊடுருவிப் பரவும் திறன் லிக்னோகெயினைவிட நன்றாக இருப்பதால் கீழ்க் கடைவாய்ப்பல்லில் துணைக்கு நிற்கும். நம் நாட்டிலும் கிடைக்கிறது. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வேண்டாம். உச்ச அளவு கிலோவுக்கு 7 மில்லிகிராம். ஆனால் இது இரட்டிப்புச் செறிவு என்பதை மறந்துவிடாதீர்கள், 20 கிலோப் பிள்ளைக்கு 3.5 மில்லியில் எல்லை முடிந்துவிடும். ஏற்கெனவே பாதி அளவு லிக்னோகெயின் போயிருந்தால் ஆர்ட்டிகெயினிலும் பாதிதான் மிச்சம். இரண்டு மருந்து என்பதால் இரண்டு தனிக் கணக்கு கிடையாது. அதுவும் போதாவிட்டால் பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள தசைநார் இடைவெளியில் சிறிதளவு, மிக மெல்ல. பயிற்சியும் கருவியும் உள்ளவர்கள் எலும்புக்குள்ளேயே நேராகச் செலுத்தும் முறையையும் கையாளலாம்.

மேல் கடைவாய்ப்பல் பொதுவாகச் சொன்னபடி கேட்கும். கன்ன எலும்பு இறங்கும் இடத்தில் எலும்பு தடித்திருப்பதால் சில நேரம் மருந்து முன்வேரை எட்டாது, அதை மட்டும் மனத்தில் வையுங்கள். அண்ணத்தில் நேராகக் குத்துவதைப்போல் வலி தருவது வேறில்லை. கன்னப் பக்கம் மரத்த பிறகு, பல்லிடை ஈறு வழியாக உள்பக்கம் மெல்லக் கொண்டுபோங்கள்.

சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு, வேறு தடை இல்லாத பிள்ளைக்கு, எடைக்கேற்ற அளவில் இப்யூபுரூஃபன் அல்லது பாராசிட்டமால் கொடுத்து வலியைத் தணித்துவிட்டு வேலை தொடங்குவதும் உண்டு. காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு, அதுவும் டெங்கு காலத்தில், இப்யூபுரூஃபன் பக்கமே போகாதீர்கள். அன்றைக்கு எந்தப் பல் வேலையும் வேண்டாம்.

இவ்வளவும் செய்து மரக்கவில்லையா? நிறுத்துங்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்துவது தோல்வி என்று நமக்குள் யார் விதைத்தார்களோ தெரியவில்லை. அந்தப் பல்லை இன்றே அடைத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கையில் வழி இருக்கிறது: உதிர்ந்த இடத்தைச் சுரண்டாமல், துளைக்காமல், கிளாஸ் அயனோமர் சிமெண்டால் மூடி அனுப்புங்கள். ஃபுளோரைடு வார்னிஷ் தடவுங்கள். கூச்சம் தணிக்கும் பசை எழுதிக் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் தூண்டல் நின்றால் உள்ளே கனன்றது சில வாரங்களில் தணியும். திரும்பி வரும்போது அதே ஊசி அந்தப் பல்லை மரக்கச் செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. ரப்பர் வளையத்தால் சில நாள் இடைவெளி உண்டாக்கி, பல்லை அதிகம் செதுக்காமலே உலோக உறை மாட்ட முடியும். மிகச் சிதைந்த பல் என்றால் எட்டிலிருந்து பத்து வயதுக்குள் எக்ஸ்ரே பார்த்து, பல் சீரமைப்பு நிபுணரையும் கேட்டு, அதை எடுத்துவிட்டு இரண்டாம் கடைவாய்ப்பல் முன்னே வர வழிவிடுவதும் ஒரு நல்ல முடிவே. பயத்தைத் தணிக்க நைட்ரஸ் ஆக்சைடு வாயு இருக்கிறது. நான்கு கடைவாய்ப்பல்லும் கெட்டு, பயத்தில் உறைந்த பிள்ளைக்கு மருத்துவமனையில் முழு மயக்கத்தில் ஒரே அமர்வில் முடிப்பதும் இருக்கிறது. உங்களிடம் இவை இல்லையென்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். நோயாளி கை நழுவிப் போகிறாரே என்ற எண்ணம் வரும். போகட்டும்.

அழுத்திப் பிடித்து வேலை செய்வதற்கு இந்தப் பல்லில் நியாயமே கிடையாது. விழுந்து இரத்தம் கொட்டும் வாய்க்கு ஓர் அவசரத்தில் பிடிப்பது வேறு. மரக்காத பல்லில் டிரில் ஓட்ட ஒரு பிள்ளையைப் பிடித்து வைப்பது சித்திரவதை. அதற்கு நாகரிகமான பெயர் வைக்க வேண்டாம்.

“வெளியே இருபது பேர் காத்திருக்காங்க சார், பத்து நிமிஷம் எங்க காத்திருக்கிறது?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்; வாடகை, மாதத் தவணை, உதவியாளர் சம்பளம் எல்லாம் எனக்கும் தெரியும். ஜெல் தடவிவிட்டு அடுத்த நாற்காலியைப் பாருங்கள். ஊசி போட்டுவிட்டு, உதவியாளரைப் பிள்ளையோடு உட்கார வைத்து, இன்னொருவருக்கு எக்ஸ்ரே எடுங்கள். நேரத்துக்குக் கட்டணம் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். காரணம் சொன்னால் பெற்றோர் கொடுக்கிறார்கள். அழும் பிள்ளையோடு மல்லுக்கட்டி, பாதியில் ஈரம் பட்டு, ஆறு மாதத்தில் விழுந்துவிடும் அடைப்பை மீண்டும் மீண்டும் போடுவதில் போகும் நேரத்தைவிட அந்தப் பத்து நிமிடம் மலிவு. இந்த எனாமலில் ஒட்டும் பொருள் சரியாகப் பிடிப்பதே கடினம். எச்சில் படாத வறண்ட இடம் வேண்டும். அது அசையாத பிள்ளையிடம்தான் கிடைக்கும். வலியில்லாத பிள்ளைதான் அசையாது.

கல்லூரி ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மாணவர்கள் எண்ணிக்கைக் கோட்டாவை முடிக்க ஓடுகிறார்கள். இத்தனை அடைப்பு, இத்தனை பிடுங்கல் என்று கையெழுத்து வாங்கினால் போதும் என்ற நிலையில், மரக்கவில்லை என்று கண்டு வேலையை நிறுத்திய மாணவிக்கு மதிப்பெண் கிடையாது. அழ அழ முடித்தவனுக்கு உண்டு. இதை மாற்றுங்கள். நிறுத்தத் தெரிந்தவளுக்கும் கையெழுத்துப் போடுங்கள்.

பெற்றோரே, இனி உங்களோடு. “சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்பதை இன்றோடு விடுங்கள். நாங்கள் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே அந்த வாக்கியம் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. ஆறு வயதானதும் பிள்ளையின் வாயைத் திறந்து கடைசிப் பல்லைப் பாருங்கள். மஞ்சளோ பழுப்போ திட்டு தெரிந்தால், குளிர்ந்த நீருக்கு முகம் சுளித்தால், உதிரும் வரை காத்திருக்க வேண்டாம். பல் முழுதாக இருக்கும்போதே வார்னிஷும் சீலன்ட்டும் போட்டால் பெரும்பாலும் ஊசிக்கே வேலையிருக்காது. பல் தேய்க்க மிருதுவான பிரஷும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொடுங்கள்.

மருத்துவரிடம் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். “எடை பார்க்கலையா? எவ்வளவு மருந்து போடப் போறீங்க? பல் மரத்துப்போச்சான்னு பார்த்தீங்களா? வலிச்சா நிறுத்துவீங்களா?” இவை மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல. நல்ல மருத்துவர் மகிழ்ந்து பதில் சொல்வார். எரிந்து விழுபவர் என்றால் பிள்ளையை இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். பிள்ளை விளையாட்டாக உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், மறுநாள் வீங்கி வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்படுவீர்கள். மரப்பு போகும் வரை சாப்பிடக் கொடுக்காமல், கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பிடித்துக்கொள்ளுங்கள் என்று யார் சொன்னாலும் உங்கள் பிள்ளையின் கையைப் பிடிக்காதீர்கள். அது வலிக்கிறது என்று சொன்னால், “டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க, அவளுக்கு வலிக்குது” என்று நீங்களும் சொல்லுங்கள்.